பலாலி விமான நிலையம்: வரலாறும் சேவையும் தீராத காணிக் கேள்வியும்

யாழ்ப்பாணத்துப் பலாலி ஓடுபாதையிலிருந்து நேர்கோடு போட்டு அளந்தால் திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை 330. சென்னை 350ஐச் சற்றுத் தாண்டும். சொந்த நாட்டின் தலைநகரைவிடக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நகரம் கிட்ட இருக்கிறது. இந்த மூன்று தூரங்களையும் மனதில் வைத்துக்கொண்டால் பலாலியின் எண்பது ஆண்டு வரலாறு விளங்கும். கடலைத் தாண்டி வடக்கே பறக்க விட்ட காலங்களில் அது குடிமக்களின் நிலையமாக இருந்தது. அந்த வழி அடைபட்ட காலங்களில் படையின் தளமாக மாறியது. சேவை நின்றுபோன ஒவ்வொரு முறையும் காரணம் வேறெங்கோ இருந்து வந்தது. போவதற்கு ஆள் இல்லை என்பதால் நின்றதல்ல.

இன்று சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நாளாந்தம் விமானம் வருகிறது. இந்த நேரத்தில் பலாலியின் கதையை முழுதாக எடுத்துப் பார்ப்பது அவசியம். அடுத்த கட்ட விரிவாக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஓடுபாதையைச் சுற்றியுள்ள காணிக்காரரின் நெஞ்சு படபடக்கிறது. விமான நிலையம் வளர வேண்டுமா, காணி திரும்ப வேண்டுமா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே தவறு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

போர் போட்ட பாதை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை பலாலியில் இறங்குதளம் அமைத்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட பிறகு, இலங்கை முழுவதும் இந்து சமுத்திரப் பாதுகாப்பின் முன்னரங்காகிவிட்டது. வடகரையிலும் ஒரு தளம் வேண்டியிருந்தது.

இடத் தெரிவுக்கு நிலமே காரணம் சொல்லும். வலிகாமம் வடக்கில் செம்மண் மேலே மெல்லிய படையாகக் கிடக்க, கீழே சுண்ணாம்புக்கல் கெட்டியாக இருக்கிறது. அதே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் பின்னர் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. நிலம் மட்டமானது, கடல் மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரந்தான். குன்று கிடையாது.

ஓடுபாதை கிடக்கும் திசையையும் கவனிக்க வேண்டும். அது வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையே நீண்டு கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் ஒரு பாதி தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். மறு பாதி வடகிழக்கிலிருந்து வாடை. மீனவனும் தோட்டக்காரனும் நாள் பார்க்கும் அந்த இரண்டு காற்றுகளுக்கும் முகம் கொடுத்தே பலாலிப் பாதை போடப்பட்டிருக்கிறது. சோளகக் காலத்தில் ஒரு முனையாலும் வாடைக் காலத்தில் மறு முனையாலும் விமானம் இறங்கும்.

சிக்கலின் வேரும் இங்கேயே இருக்கிறது. ஓடுபாதைக்கு ஏற்ற இந்த மட்டமான செம்மண் நிலந்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிகச் சிறந்த தோட்டக் காணி. வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை என்று கிணற்றுநீர் இறைத்துப் பரப்புக் கணக்கில் பயிர் செய்த மண் அது.

கடல் தாண்டிய காலம்

1947 டிசம்பர் 10ஆம் தேதி எயார் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையில் கிளம்பிய டகோட்டா விமானம் காங்கேசன்துறை என்று அப்போது பெயர் சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நாட்டின் முதல் விமானக் கம்பனி போட்ட முதல் வழித்தடமே யாழ்ப்பாணத்தின் வழியாகப் போனது என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். பலாலிக்குச் சர்வதேச அந்தஸ்து 2019இல் யாரோ புதிதாகக் கொடுத்த கொடை அல்ல.

பிறகு திருச்சிக்கும் சேவை நடந்தது. டகோட்டாவுக்குப் பின் அவ்ரோ விமானங்கள் வந்தன. தமிழகத்துக்குப் போக அக்காலத்தில் தலைமன்னாரிலிருந்து கப்பல் வழியும் இருந்தது. மறுகரையில் தனுஷ்கோடியில் இறங்கி ரயில் ஏறலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. கப்பலுக்கு யாழ்ப்பாணத்தார் முதலில் தலைமன்னார் வரை சுற்றிப் போக வேண்டும். பலாலியிலோ வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வெளிக்கிட்டால் அன்றைக்கே மறுகரையில் நிற்கலாம். கோயில், படிப்பு, வைத்தியம், கலியாணப் புடைவை, வியாபாரம் என்று போக்குவரத்துக்குக் காரணங்கள் இருந்துகொண்டே இருந்தன.

1978 செப்டம்பர் 7ஆம் தேதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரத்மலானையில் நின்ற எயார் சிலோன் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் எரிந்து அழிந்தது. பயணிகள் ஏற்கெனவே இறங்கிவிட்டதால் உயிரிழப்பு இல்லை. நிர்வாகச் சீர்கேட்டில் தள்ளாடிய கம்பனியும் அதே காலத்தில் மூடப்பட்டது. 1979 செப்டம்பரில் பறக்கத் தொடங்கிய எயார் லங்கா, கட்டுநாயக்க விமான நிலையத்தை மையமாக வைத்து நீண்ட தூரப் பயணங்களில் கண் வைத்தது. பலாலி வழியாகக் கடல் தாண்டிய சேவை அறுந்துபோனது. அது மறுபடி ஒட்ட நாற்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

படையின் வாசல்

1980களில் போர் மூண்டபோது பலாலி முழுமையாகப் படைத்தளமானது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படை ஹெலிகொப்டரில் துருப்புகளை இறக்கிய நடவடிக்கையும் இங்கிருந்தே புறப்பட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும், தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களின் சனங்கள் எடுத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பலாலி, மயிலிட்டி, வசாவிளான், தையிட்டி, ஊறணி, கட்டுவன் என்று அந்தப் பட்டியல் நீளும். சில கிழமைகளில் திரும்பலாம் என்று போனவர்களில் பலர் கால் நூற்றாண்டுக்கு மேல் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் காலம் தள்ளினார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே பிள்ளை பெற்றார்கள்.

தரைப்பாதை அடைபட்ட காலமெல்லாம் குடாநாட்டுக்கு வெளியே போக வானமும் கடலுமே மிஞ்சின. வானமும் பத்திரமானதாக இல்லை. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் இலங்கை விமானப்படையின் இரண்டு அவ்ரோக்கள் பலாலிக்கு அண்மையில் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த வருட இறுதியில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்த பின், பொதுமக்கள் கொழும்பு போகத் தனியார் விமானங்கள் பறந்தன. 1998 செப்டம்பர் 29ஆம் தேதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ் விமானம் மன்னாருக்கு வடக்கே கடலில் விழுந்தது. விடுதலைப் புலிகள் சுட்டு வீழ்த்தியதாகவே பின்னர் தெரியவந்தது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர், ஒருவரும் தப்பவில்லை.

இறந்தவர்களில் பெரும்பாலானோர் குடாநாட்டுத் தமிழர்கள். பிணம் கிடைக்கவில்லை, சடங்கு நடக்கவில்லை. எங்காவது உயிரோடு இருக்கலாம் என்று நம்பிக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. பதினான்கு வருடம் கழித்து, 2012இல், இரணைதீவுக்கு அருகே கடலடியில் விமானத்தின் சிதைவு கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து மீட்ட உடுப்புகளை 2013 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் உறவினர் அடையாளம் காண்பதற்காகப் பரப்பி வைத்தார்கள். உப்புநீரில் கிடந்து நிறம் போன சேலையையும் சட்டையையும் பார்த்து, இது எங்கள் வீட்டுப் பிள்ளையுடையது என்று சொல்ல வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது. பலாலியின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த 55 பேரைக் கடந்து போகக் கூடாது.

2002 போர்நிறுத்தத்தோடு பயணம் கொஞ்சம் இலகுவானது. 2006 ஓகஸ்ட் 11ஆம் தேதி குடாநாட்டின் தரைவழியான ஏ9 வீதி மூடப்பட்டதும் பழைய நிலை திரும்பியது. குடாநாட்டை விட்டு வெளியேறப் படையினரின் அனுமதி வேண்டும். விமானச் சீட்டு எடுத்தவர் நேரே பலாலிக்குப் போக முடியாது. சொன்ன இடத்தில் விடியற்காலையிலேயே கூடி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, சோதனை முடிந்து, பாதுகாப்போடு போகும் பேருந்தில் தளத்தைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கொண்டுசெல்லப்பட வேண்டும். ஒரு மணி நேரப் பறப்புக்கு ஒரு நாள் முழுவதும் செலவாகும். யன்னலுக்கு வெளியே தெரிந்த கூரையில்லாத வீடுகளில் சிலருடைய சொந்த வீடும் இருந்தது.

திறந்த வாசல், பறக்கும் சேவை

2009இல் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை போனது. விமான நிலையம் மட்டும் படையிடமே இருந்தது. 2019 நடுப்பகுதியில் புனரமைப்பு வேலை வேகமெடுத்தது. ஏறத்தாழ 2,250 மில்லியன் இலங்கை ரூபா செலவில், இந்தியாவின் 300 மில்லியன் ரூபா உதவியும் சேர, ஓடுபாதையின் ஒரு பகுதியும் சிறு பயணிகள் முனையமும் ஆயத்தமாயின. 2019 ஒக்டோபர் 17ஆம் தேதி அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் திறந்துவைக்க, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயர் வந்தது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்திறங்கியது.

நவம்பர் 11ஆம் தேதி கிழமைக்கு மூன்று சேவை தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. நாட்டின் மற்ற வாசல்கள் திறந்த பிறகும் பலாலி நெடுநாள் பூட்டியே கிடந்தது. 2022 டிசம்பர் 12ஆம் தேதி சென்னைச் சேவை மறுபடி ஆரம்பித்தது. 2024 செப்டம்பர் 1ஆம் தேதி இண்டிகோ சென்னையிலிருந்து தினசரி பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30ஆம் தேதி அதே நிறுவனம் திருச்சிக்கும் தினசரி சேவை போட்டது. எயார் சிலோன் காலத்து இரண்டு வழிகளும் அதோடு திரும்பின.

வருவது எல்லாம் ஏடிஆர் 72 வகை. எழுபது முதல் எழுபத்தெட்டுப் பேர் வரை ஏறலாம். இறக்கைக்குக் கீழே இரண்டு சுழலிகள். பயணப்பொதிகள் முன்பக்கம், ஆட்கள் ஏறி இறங்குவது வால் பக்கத்துக் கதவால். இறங்கி நடந்து போனால் குடிவரவு, சுங்கம், பொதி எடுக்குமிடம் எல்லாம் ஒரே சிறிய கட்டடத்துக்குள் வந்துவிடும். திருச்சிக்குப் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. கட்டுநாயக்கவுக்கு வாகனத்தில் போனாலோ இரவு முழுக்க வீதியில் இருக்க வேண்டும்.

திருச்சி இணைப்பு பெறுமதி கூடியது. அந்த விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போய்வரும் தொழிலாளரும் வியாபாரிகளும்தான் அதை வளர்த்தவர்கள். 2024இல் அங்கே ஆண்டுக்கு 44 இலட்சம் பயணிகளைக் கையாளக்கூடிய புதிய முனையம் பாவனைக்கு வந்தது. திருச்சிக்குப் போகும் யாழ்ப்பாணத்தார் ஸ்ரீரங்கத்துக்கும் வைத்தியசாலைக்கும் மட்டும் போவதில்லை. அங்கிருந்து தென்கிழக்காசியாவுக்கும் வளைகுடாவுக்கும் வழி பிடிக்கலாம். தமிழக முகாம்களிலுள்ள ஈழ அகதிகளுக்கும் ஊர் திரும்ப மிகக் குறுகிய விமான வழி இதுவே.

கடல்வழியும் திறந்திருக்கிறது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவை மழைக்காலத்தால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் புதுக் கப்பலோடு மீண்டது. பொதி நிறையக் கொண்டுவரும் சிறு வியாபாரிக்குக் கப்பல் நல்லது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது விமானமே நம்பிக்கை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் வழிகள்.

ஓடுபாதைக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

இப்போதைய நீளத்தில் ஏடிஆர் வரும். எயார்பஸ் 320 போன்ற 180 பேர் ஏறும் ஜெட் வராது. அதற்கு இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உறுதியான பாதை வேண்டும். வெக்கை கூடிய நாளில் காற்று இலேசாகும், ஏறுவதற்கு இன்னும் கூடுதல் தூரம் தேவைப்படும். 2019இலேயே 2,300 மீற்றர் வரை நீட்டும் திட்டம் பேசப்பட்டது. பேச்சு அப்படியே நிற்கிறது.

காணிக் கணக்கைப் பார்ப்போம். விமான நிலையத்தை அகலிக்கவென்று 1980களிலேயே காணி எடுத்தார்கள். போர் முடிந்து நாலு வருடம் கழித்து, 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். நம் அளவில் சொன்னால் ஒரு இலட்சம் பரப்புக்கு மேல். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015க்குப் பிறகு பகுதி பகுதியாக விடுவிப்பு நடந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மீனவரிடம் திரும்பியது. அண்மைய வருடங்களில் பூட்டிக் கிடந்த சில வீதிகளும் திறந்தன. இன்னும் விடுபடாத காணி ஏராளம்.

ஓடுபாதைக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? சர்வதேச விதிப்படி, பெரிய விமானங்கள் கருவிகளின் துணையோடு இறங்கும் பாதைக்கு நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீற்றர் தடையில்லாத வெளி வேண்டும். இரு முனைகளிலும் 60 மீற்றர் கூடுதல். 2,300 மீற்றர்ப் பாதைக்கு இதைப் பெருக்கினால் ஏறத்தாழ 167 ஏக்கர் வருகிறது. முனைகளில் பாதுகாப்பு வெளியைச் சேர்த்தாலும் 200 ஏக்கரைத் தாண்டாது. முனையம், விமானத் தரிப்பிடம், எரிபொருள் கிடங்கு, வாகனத் தரிப்பிடம் எல்லாவற்றுக்கும் தாராளமாக அதே அளவை இன்னொரு மடங்கு கொடுத்தாலும் 400 ஏக்கர். 6,381 எங்கே, 400 எங்கே? இறங்கு வழியில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு தேவைப்படும். அதற்குக் காணியைப் பறிக்கத் தேவையில்லை. வெங்காயமும் வாழையும் விமானத்துக்குத் தடையல்ல.

ஆகவே குடிமக்களின் விமான நிலையத்துக்கும் குடிமக்களின் காணிக்கும் பகை கிடையாது. பகை இருப்பதாகத் தோன்றுவது, படைத் தேவையும் பயணிகள் தேவையும் ஒரே வேலிக்குள் கலந்து கிடப்பதால். எந்த ஏக்கர் எதற்கு என்று பிரித்துச் சொல்லாதவரை, விரிவாக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே காணிக்காரர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்கு அவர்களிடம் முப்பத்தைந்து வருடக் காரணம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

முதலாவது, எல்லை. விமான நிலையத்துக்கு வேண்டிய நிலத்தை அளந்து வரைபடமாக வெளியிட வேண்டும். அதற்கு வெளியே உள்ளது உரியவரிடம் திரும்ப வேண்டும். உள்ளே அகப்படும் காணிக்கு இன்றைய சந்தை விலையில் இழப்பீடும், விரும்புவோருக்குப் பக்கத்திலேயே மாற்றுக் காணியும் கொடுக்க வேண்டும். முனையத்தில் உருவாகும் வேலைகளில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கேட்பதும் நியாயமே.

இரண்டாவது, ஓடுபாதை. எல்லை தெளிவான பிறகு 2,300 மீற்றர் வேலையைத் தொடங்கலாம். பெரிய ஜெட் வந்தால் ஆசனச் செலவு குறையும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து குடும்பத்தோடு வருவோர் ஒரே சீட்டில் சென்னையோ வளைகுடாவோ மாறிப் பலாலியில் இறங்கும் நிலை வரும். ஏடிஆரின் சிறு சரக்கறையில் அடங்காத நண்டும் கணவாயும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கொழும்புக்கு லொறியேறாமலே வெளிநாடு போகலாம்.

மூன்றாவது, பயணியின் பை. இவ்வளவு குறுகிய பறப்புக்கு நீண்ட தூரப் பயணத்துக்குரிய வரிகளைச் சுமத்தினால் சாதாரண குடும்பம் சீட்டு எடுக்காது. வரி குறைந்து, பொதி நிறை கூடினால், சிறு வியாபாரியும் வைத்தியத்துக்குப் போகும் முதியவரும் நிரந்தரப் பயணிகளாவார்கள். 2025 செப்டம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்ததும், 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் நகரில் இயங்குவதும் நல்ல அடித்தளம். யாழ்ப்பாணத்தை விட்டு அசையாமலே கடவுச்சீட்டும் விசாவும் எடுத்து, யாழ்ப்பாணத்திலேயே விமானம் ஏறலாம் என்ற நிலை ஒரு தலைமுறைக்குப் பிறகு இப்போதுதான் வந்திருக்கிறது.

நாலாவது, நிர்வாகம். படைத்தளத்தின் நடுவே ஒரு பயணிகள் கட்டடம் என்ற ஏற்பாடு மாறி, சிவில் விமானச் சேவை அதிகாரிகளின் கையில் தனி வாசலும் தனி வீதியும் கொண்ட நிலையமாக அது இயங்க வேண்டும். வருடத்துக்கு எத்தனை பேர் வந்து போனார்கள், எவ்வளவு வருமானம், அதில் எவ்வளவு திரும்பப் பலாலிக்கே செலவானது என்ற கணக்கு வட மாகாண மக்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்த வரிசை முக்கியமானது. எல்லையைச் சொல்லாமல் ஓடுபாதையை நீட்ட முயன்றால் வழக்கும் போராட்டமுமே மிஞ்சும்; அது நியாயமான போராட்டமாகவும் இருக்கும். திருச்சியிலேயே ஓடுபாதை நீட்டும் வேலை காணிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதைப் பார்த்திருக்கிறோம். பலாலியில் அந்தத் தாமதத்தைத் தவிர்க்கும் வழி அரசின் கையில் இருக்கிறது. காணியை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேவையானதை வெளிப்படையாகக் கேட்டால், விமான நிலையத்துக்கு முதல் ஆதரவாளர்கள் மயிலிட்டியிலும் வசாவிளானிலும்தான் இருப்பார்கள். அங்கிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வர மிக அதிகக் காரணம் உள்ளவர்களும் அவர்களே.